சாவி சாராவிடம், முடிவு ஆனிடம்

இங்கிலாந்து அரசி ஆன் என்றதும் இன்று பலர் நினைவுக்கு வருவது 2018இல் வெளிவந்த ‘தி ஃபேவரைட்’ படம்தான். கால்வலியில் முனகிக்கொண்டு, முயல்களைக் கொஞ்சிக்கொண்டு, சொந்தமாக ஒரு முடிவும் எடுக்கத் தெரியாத அரசி. அவர் காதில் ஓதியே நாட்டை நடத்தும் தோழி சாரா சர்ச்சில். தோழியைக் கவிழ்த்துவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும் ஏழை உறவுக்காரி அபிகேல். ஒலிவியா கோல்மனுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த நடிப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முயல்கள் படக்காரர்களின் கற்பனை. கதை மட்டும் அவர்கள் கட்டியதல்ல, அதற்கு வயது 300 ஆண்டுகளுக்கு மேல். சாராவின் எதிரிகள் அதை எழுதினார்கள். பிறகு சாராவே எழுதினார். அரசியிடம் தலையணை மந்திரம் பலித்தது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் ஒரே கருத்து. 1702 முதல் 1711 வரை நடந்த நியமனங்களையும் நீக்கங்களையும் வரிசையாக எடுத்துப் பார்த்தால் அந்தக் கருத்து நிற்காது. சாராவுக்குச் செல்வாக்கு இருந்தது, ஏராளமாகவே இருந்தது. ஆனால் அது அரசியின் மீது இருந்த செல்வாக்கல்ல. அரசியை நெருங்க முடியாமல் வெளியே நின்றவர்கள் மீது இருந்த செல்வாக்கு.

அரண்மனையில் அவர் வகித்த பதவிகளிலிருந்து தொடங்கலாம். 1702 மார்ச் 8இல் ஆன் அரியணை ஏறியதும் சாராவுக்குப் பள்ளியறைத் தலைமைப் பதவி கிடைத்தது. உடைச்சாலையின் பொறுப்பும், அரசியின் சொந்தச் செலவுப் பணத்தைக் கையாளும் பொறுப்பும், விண்ட்சர் பெரும்பூங்காவின் காப்பாளர் பதவியும் கூடவே வந்தன. மன்னர் ஆணாக இருந்தால் பள்ளியறைப் பணியாளர்களும் ஆண்கள். அங்கே நுழைகிறவர் நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்திருப்பார். ஆள்பவர் பெண்ணானதால் அந்த அறைகள் முழுக்கப் பெண்கள் கைக்கு வந்தன. வாக்குரிமையோ அமைச்சர் பதவியோ கிட்டாத பெண்களுக்கு அரசமைப்பின் நடுவிலேயே ஒரு கதவு திறந்தது, அதன் தங்கச் சாவி சாராவின் இடுப்பில் தொங்கியது. கணவர் ஜான் சர்ச்சில் படைத்தலைவர். அந்த ஆண்டு முடிவதற்குள் மார்ல்பரோ டியூக்கும் ஆனார். கருவூலத்தைக் கையில் வைத்திருந்த கோடால்ஃபின் பிரபு குடும்ப நண்பர், சம்பந்தியும்கூட. படை, பணம், பள்ளியறை மூன்றும் ஒரே குடும்ப வட்டத்தில் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தவர்கள் அரசி இவர்கள் கைப்பாவை என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை.

ஆனாலும் அரசியிடம் போக அது ஒன்றே வழியாக இருக்கவில்லை. அமைச்சரவைக் கூட்டங்களுக்கு ஆன் தாமே தலைமை வகித்தார். பிரபுக்கள் அவை விவாதங்களை நேரில் போய்க் கேட்டார். கோடால்ஃபின் போன்ற அமைச்சர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் அவரைச் சந்தித்தார்கள். சாராவோ பல வாரங்கள் அரண்மனைப் பக்கமே வராமல் விண்ட்சரிலும் செயின்ட் ஆல்பன்ஸிலும் இருந்துவிடுவார். காதில் ஓத வேண்டுமென்றால் காதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாமா? அவர் பெரும்பாலும் கடிதத்தில்தான் ஓதினார். நீளமான, வாதாடுகிற, போகப்போகக் கடிந்துகொள்கிற கடிதங்கள் அவை.

தலையணை மந்திரக் கதைக்கு வலுவான ஆதாரம் ஆன் அரசியாவதற்கு முந்தைய காலத்திலிருந்து வருகிறது, அதைத் தள்ளிவிட முடியாது. 1660இல் பிறந்த சாரா சிறுமியாக அரண்மனைக்கு வந்தவர். 1683இல் ஆன் டென்மார்க் இளவரசர் ஜார்ஜை மணந்தபோது அவருடைய பள்ளியறைச் சீமாட்டியானார். தங்களுக்குள் பட்டங்கள் வேண்டாமென்று இருவரும் திருமதி மார்லி, திருமதி ஃப்ரீமன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டு கடிதம் எழுதினார்கள். 1688 நவம்பரில் ஆனின் தந்தை மன்னர் ஜேம்ஸுக்கு எதிராக அக்காள் மேரியின் கணவர் வில்லியம் படையுடன் இறங்கியபோது, இரவில் பின்படிக்கட்டு வழியாக இளவரசியை அழைத்துச் சென்றவர் சாரா. மறு ஆண்டு ஆனுக்கு ஆண்டுக்கு 50,000 பவுண்டு தனி மானியம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அரியணை ஏறியிருந்த வில்லியமும் மேரியும் விரும்பாத அந்தத் தீர்மானத்துக்கு ஆள் திரட்டியதில் சாராவுக்குப் பெரிய பங்கு இருந்தது. 1692இல் மார்ல்பரோ பதவி பறிக்கப்பட்டு, பிறகு சிறையிலும் அடைக்கப்பட்டார். சாராவை விலக்கு என்று அரசி மேரி தங்கைக்கு உத்தரவிட்டார். ஆன் மறுத்தார். தம் வீட்டைவிட்டு சையன் மாளிகைக்குக் குடிபெயர்ந்தார், மெய்க்காவல் படையையும் இழந்தார். 1694 டிசம்பரில் அம்மை கண்டு மேரி இறந்தபோதும் அக்காளும் தங்கையும் பேசிக்கொள்ளாமலேதான் இருந்தார்கள்.

ஒரு தோழிக்காக அரியணையில் இருக்கும் அக்காளையே பகைத்துக்கொண்டவர் அந்தத் தோழியின் பிடியில் இல்லாமல் வேறு எங்கே இருந்தார் என்று கேட்கலாம். இதே நிகழ்ச்சி எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. தம் வீட்டில் யார் பணியில் இருக்க வேண்டும் என்பதைப் பிறர் தீர்மானிப்பதை ஆன் ஏற்கவில்லை. மன்னரும் அரசியும் சேர்ந்து அழுத்தியபோதும் அசையவில்லை. அழுத்தம் கூடக்கூட இறுகும் குணம் அது. 1692இல் அந்தப் பிடிவாதத்தால் பயனடைந்தவர் சாரா. 16 ஆண்டுகள் கழித்து அதே பிடிவாதத்தில் போய் மோதியவரும் அவர்தான். இளவரசிக்கு வேறு நாதியில்லாத காலத்தில் இருவர் நலனும் ஒன்றாக இருந்தது. ஒருவர் சொல்லி மற்றவர் கேட்டாரா, இருவருமே அதைத்தான் விரும்பினார்களா என்று அந்த ஆண்டுகளை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. அதற்கு இருவர் விருப்பமும் விலகும் இடம் வேண்டும்.

1702இல் அது வந்துவிட்டது. சாரா விக் கட்சியில் ஊறியவர்: நாடாளுமன்ற உரிமை, ஆங்கிலிகன் திருச்சபைக்கு வெளியே இருந்த புராட்டஸ்டண்டுகளுக்குச் சலுகை, பிரான்சோடு விடாப்பிடியான போர். ஆன் திருச்சபைக்கு உயிரையே கொடுக்கிறவர். திருச்சபையின் கட்சி டோரிகள் என்பது அவர் நம்பிக்கை. புதிய அமைச்சரவையில் நாட்டிங்ஹம், ரோச்செஸ்டர், சீமோர் என்று சாராவுக்கு ஆகாத டோரித் தலைவர்களே வந்து அமர்ந்தார்கள். அந்த ஆண்டே, பதவிக்காக ஆண்டுக்கொருமுறை ஆங்கிலிகன் தேவாலயத்தில் நற்கருணை வாங்கிக்கொண்டு மற்ற நாளெல்லாம் தங்கள் சபைக்குப் போகிறவர்களைத் தடுக்க ஒரு மசோதா வந்தது. சாரா அதைக் கடுமையாக எதிர்த்தார். அரசி ஆதரித்தார், தாமே லூத்தரன் சபைக்குப் போய்வந்த கணவர் ஜார்ஜையும் அதற்கு வாக்களிக்க வைத்தார். தோழியின் பிடி மிக இறுக்கமாக இருந்ததாகச் சொல்லப்படும் முதல் ஆண்டின் நிலவரம் இது. ரோச்செஸ்டரும் நாட்டிங்ஹமும் பிறகு வெளியேறியது உண்மைதான். சாராவின் கடிதங்கள் அவர்களை வெளியேற்றவில்லை. ஐரோப்பியப் போருக்கு அவர்கள் முட்டுக்கட்டை போட்டார்கள். நாட்டிங்ஹம் அரசிக்கே கெடு விதித்தார். கெடு விதித்தவர்களுக்கு ஆன் என்ன பதில் வைத்திருப்பார் என்பதை 1692ஐ அறிந்தவர்கள் ஊகித்திருக்கலாம்.

அப்படியானால் சாராவின் செல்வாக்கு எங்கே வேலை செய்தது? கதவுக்கு வெளியே. பதவி தேடுகிறவர்கள், ஓய்வூதியம் கேட்கிறவர்கள், அண்ணனுக்கு ரெஜிமெண்ட் வேண்டுகிறவர்கள் எல்லோரும் சாராவுக்கு எழுதினார்கள். விக் தலைவர்கள் அவரைத் தங்கள் தூதராகவே பார்த்தார்கள். கட்சி எழுத்தாளர் ஆர்தர் மேன்வாரிங் அவருக்குச் செயலாளர் போல வேலை பார்த்தார். சாரா தேர்தலிலும் இறங்கினார். 1705இல் தம் குடும்பச் சொத்து இருந்த செயின்ட் ஆல்பன்ஸில் விக் வேட்பாளர் கில்லிக்ரூவுக்காக நேரடியாக வாக்குத் திரட்டினார். வாக்குப்போட உரிமை இல்லாத ஒரு பெண் வாக்காளர்களிடம் பேரம் பேசுகிறார் என்று விவகாரம் காமன்ஸ் அவைக்கே வந்தது. மன்னர் மூன்றாம் எட்வர்டின் ஆசைநாயகியோடு அவரை ஒப்பிட்டு ஒரு டோரி உறுப்பினர் பேசினார். இப்படிப்பட்ட அதிகாரம் போலியானது என்று நான் சொல்லவரவில்லை. அரசியிடம் இவர் சொல் எடுபடும் என்று எதிரில் இருப்பவர் நம்பும்வரை அது முழுக்க நிஜம். நம்பிக்கை இருந்ததால் சிபாரிசு கேட்டு வந்தார்கள், வந்தவர்கள் கூட்டத்தைப் பார்த்து நம்பிக்கை வளர்ந்தது. அரசி என்ன நினைக்கிறார் என்பது இந்தச் சுழற்சிக்குள் நெடுநாள் வரவே இல்லை.

இந்த வாதத்துக்குக் கடினமான இடம் சண்டர்லண்ட் நியமனம். சாராவின் மருமகனும் தீவிர விக்குமான சண்டர்லண்டை அரசுச் செயலராக்க வேண்டுமென்று 1706 முழுக்க நெருக்கடி நடந்தது. டிசம்பரில் அரசி பணிந்தார். மாமியாரின் வெற்றி என்று பார்த்தவுடன் தோன்றும். நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும். சாரா எழுதினார், மன்றாடினார், திட்டினார். மாதங்கள் ஓடின, அரசி நகரவில்லை. ஒரு கட்சியின் கையில் தாம் சிக்கிவிடக் கூடாது என்று கோடால்ஃபினிடம் கெஞ்சும் தொனியில் எழுதினார். விக்குகளின் ஆதரவில்லாமல் நாடாளுமன்றத்தில் போர்ச்செலவை நிறைவேற்ற முடியாது என்ற நிலை வந்து, அது இல்லாவிட்டால் தாம் விலகவேண்டியிருக்கும் என்று கோடால்ஃபின் சொன்ன பிறகே சண்டர்லண்ட் உள்ளே வந்தார். விக் தலைவர் சோமர்ஸ் கதையும் இதேதான். அவரை அமைச்சராக்க அரசி நெடுநாள் மறுத்தார். கடற்படையைக் கவனித்துவந்த கணவர் ஜார்ஜை நாடாளுமன்றத்தில் இழுத்துப்போடுவோம் என்று விக்குகள் மிரட்டினார்கள். 1708 அக்டோபர் 28இல் ஜார்ஜ் இறந்தார். துக்கத்தில் துவண்டிருந்த அரசி நவம்பரில் சோமர்ஸை ஏற்றார். இரண்டு முறையும் எடை வாக்குக் கணக்கில் இருந்தது. தோழியின் எழுத்து அரசியின் மனத்தைக் கசப்பாக்கியதுதான் மிச்சம்.

அபிகேல் ஹில் நுழைவது இங்கேதான். சாராவின் தந்தைவழி உறவினள், நொடித்துப்போன வணிகர் மகள். பள்ளியறைப் பணிப்பெண்ணாகச் சேர்த்துவிட்டவர் சாராவே. விக்குகளின் பகைவரான ராபர்ட் ஹார்லிக்கும் உறவு. 1707இல் சாமுவேல் மாஷம் என்பவரோடு அபிகேலுக்கு ரகசியமாகத் திருமணம் நடந்தது; அரசி சீர்வரிசையாகத் தம் பணத்திலிருந்து 2,000 பவுண்டு கொடுத்தார். பணப்பெட்டிக்குப் பொறுப்பாளரான சாராவுக்கு விஷயமே பிறகுதான் தெரியவந்தது. பெட்டிச் சாவி யாரிடம் இருந்தது, பணம் யாருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு தேவையில்லை. சாரா இதைப் பெரிய சதியாகக் கண்டார். மேன்வாரிங் அபிகேலைப் பற்றி மோசமான பாட்டுகள் கட்டினார். சாரா அவற்றை அரசியின் பார்வைக்கே கொண்டுபோனார். இன்றைக்கும் வாசிக்கக் கூசுகிற அந்த வசைகளைக் காட்டி ஒரு அரசியின் மனத்தைத் திருப்பலாம் என்று அவர் எப்படி எண்ணினாரோ. 1708 ஆகஸ்டில் மார்ல்பரோவின் ஔடனார்ட் வெற்றிக்கு நன்றி செலுத்த செயின்ட் பால் தேவாலயத்துக்குப் போகும் வழியில், சாரா எடுத்துவைத்த நகைகளை அரசி அணியவில்லை என்று சண்டை மூண்டது. ஊரார் முன்னிலையில் வாயை மூடும்படி சாரா அரசியிடமே சொல்லிவிட்டார். 1710 ஏப்ரல் 6இல் கென்சிங்டன் அரண்மனையில் கடைசிச் சந்திப்பு. சாரா அழுதார், வாதாடினார். பதில் வேண்டாம் என்று முன்பு நீங்களே எழுதினீர்கள், எனவே பதில் கிடையாது என்பதையே ஆன் திரும்பத்திரும்பச் சொன்னார். இருவரும் அதன்பின் பார்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த சில மாதங்களில் சண்டர்லண்ட் போனார், கோடால்ஃபின் போனார், 1711 ஜனவரியில் சாராவின் தங்கச் சாவி போனது, ஆண்டு முடிவில் மார்ல்பரோவே போனார். ஒரு தோழி வீழ்ந்ததும் ஓர் அரசாங்கமே வீழ்ந்தது. செல்வாக்கு இடம் மாறியதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்பார்கள். காலவரிசையைக் காரணமாக எடுத்துக்கொள்வதில் வரும் பிழை இது. 1709 செப்டம்பரில் மால்ப்ளாகே போரில் மார்ல்பரோ வென்றார், அவருடைய கூட்டுப்படையில் 20,000 பேருக்கு மேல் மடிந்தும் காயமுற்றும் விழுந்த பிறகு. வரி கட்டிய நிலக்கிழார்கள் சலித்துப்போயிருந்தார்கள். வாழ்நாள் முழுதும் படைத்தலைமை வேண்டும் என்று மார்ல்பரோ கேட்டது அரசிக்கு ஆபத்தாகத் தெரிந்தது. டோரி பாதிரி சச்செவரெல் ஆற்றிய ஒரு பிரசங்கத்துக்காக விக் அரசாங்கம் அவர்மீது வழக்கு நடத்தி, லண்டனில் கலவரத்தைத் தேடிக்கொண்டது. 1710 இலையுதிர்காலத் தேர்தலில் டோரிகள் பெருவாரியாக வென்றார்கள். ஓர் அபிகேலும் இல்லாவிட்டாலும் இந்த அரசாங்கம் தேறியிருக்காது.

அபிகேலுக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்று பார்த்தால் பழைய கதையின் மறுபாதியும் ஆட்டம்காணும். சாராவின் தங்கச் சாவி அவருக்குப் போகவில்லை. சாமர்செட் டச்சஸுக்குப் போனது. அவரோ விக் பக்கம் சாய்ந்த குடும்பத்தவர். டோரிகளின் பேனாவான ஜானத்தன் ஸ்விஃப்ட் அந்த டச்சஸைத் தாக்கிக் கொடிய கவிதை எழுதினார். அரசி அசையவில்லை, ஸ்விஃப்டின் பதவி உயர்வுதான் நாசமானது. அபிகேலுக்குக் கிடைத்தது பணப்பெட்டிப் பொறுப்பு மட்டுமே. அவர் கணவருக்குப் பிரபு பட்டம் வந்தது எப்போது? பிரபுக்கள் அவையில் சமாதான உடன்படிக்கைக்குப் பெரும்பான்மை தேவைப்பட்டு ஒரே மூச்சில் 12 பேரைச் சேர்த்தபோது. அங்கேயும் வாக்குக் கணக்குதான்.

பணத்தைச் சொல்லாமல் இந்த உறவைச் சொல்லி முடிக்க முடியாது. மார்ல்பரோவுக்கு நிரந்தர மானியம் தர 1702இல் நாடாளுமன்றம் மறுத்தபோது, தம் சொந்தப் பணத்திலிருந்து சாராவுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு தர ஆன் முன்வந்தார், சாரா வேண்டாமென்றார். பதவி போகும் நேரத்தில் அந்தப் பழைய கடிதத்தை எடுத்து, ஒன்பது ஆண்டுக் கணக்கில் 18,000 பவுண்டு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அரசி சரியென்றார். சாரா திருடினார் என்று ஸ்விஃப்ட் பத்திரிகையில் மறைமுகமாக எழுதினார். அரசியோ சாராவின் கணக்கை மறுப்பின்றி ஏற்றுக் கையெழுத்திட்டார். அரண்மனையில் தம் அறைகளைக் காலி செய்தபோது சாரா பித்தளைப் பூட்டுகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போனாராம். கோபமடைந்த அரசி மார்ல்பரோவுக்கான பிளெனிம் மாளிகைக் கட்டுமானத்துக்குப் பணத்தை நிறுத்தினார். வசதியான ஒரு பதவியைத் தோழிக்குத் தருவதும் அரசியல் முடிவைத் தோழிக்கு விடுவதும் ஒன்றல்ல என்பதில் ஆன் தெளிவாகவே இருந்திருக்கிறார். முன்னதில் கை தாராளம், பின்னதில் இல்லை.

பிறகு ஏன் இந்தக் கதை இவ்வளவு நாள் நிலைத்தது? அது எல்லோருக்கும் உதவியது. அரசியைக் குறை சொல்ல முடியாத டோரிகளுக்குத் தோழியைக் குறை சொல்வது வசதி. தேர்தலில் தோற்ற விக்குகளுக்கு மக்கள் கைவிட்டார்கள் என்பதைவிடப் பணிப்பெண் கவிழ்த்தாள் என்பது ஆறுதல். சாராவுக்கு அது தேவையாகவே இருந்தது. 1742இல் வெளிவந்த தம் அரண்மனை வாழ்க்கை வரலாற்றில், நல்லவை நடந்தபோதெல்லாம் தாம் சொல்லி நடந்தது, கெட்டவை அபிகேல் சொல்லி நடந்தது என்று எழுதினார். யாராவது சொல்லித்தான் அரசி எதையும் செய்தார் என்பது இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. ஆனின் குரலை நெடுங்காலம் நாம் சாராவின் எழுத்து வழியாகவே கேட்டோம். எட்வர்ட் கிரெக் 1980இல் எழுதிய ஆன் வாழ்க்கை வரலாறு அரசியின் சொந்தக் கடிதங்களை முன்னே வைத்து இந்தச் சித்திரத்தைத் திருத்தியது. இருவருக்கும் இடையில் இருந்த பாசத்தை இந்த வாசிப்பு சிறுமைப்படுத்துகிறது என்று சிலர் வருந்தலாம். பாசம் ஆழமானதுதான், கடிதங்களைப் படித்தவர் யாரும் அதை மறுக்க மாட்டார். நேசித்தவர் சொல்வதையெல்லாம் கேட்டாக வேண்டும் என்பதைத்தான் ஆன் ஏற்கவில்லை. சாரா ஏற்கவே முடியாமல் போனதும் அதைத்தான்.

சாவியை இழந்த பிறகு சாரா 33 ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய அரசியலில் அதிகம் பேசப்படாத பகுதி இதுவே. என் கணக்கில் அதிக வலுவானதும் இதுவே. ஆன் 1714 ஆகஸ்டில் இறந்தார். மார்ல்பரோ 1722இல் இறந்தார். நாட்டின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவரானார் சாரா. தென்கடல் கம்பெனிப் பங்குகள் சரிவதற்கு முன்பே விற்று லாபத்தோடு வெளியேறியவர் அவர். நிலம் வாங்கினார், நிலத்தோடு வந்த தொகுதிகளில் தமக்கு வேண்டியவர்களை நிறுத்தினார், பிரதமர் வால்போலை முகத்துக்கு நேரே எதிர்த்தார். இதற்கு எந்த அரசியின் காதும் தேவைப்படவில்லை. 1744இல் இறந்தபோது, வால்போலை விடாமல் தாக்கிய ஓர் இளம் உறுப்பினருக்கு உயிலில் 10,000 பவுண்டு எழுதிவைத்திருந்தார். அந்த இளைஞர் வில்லியம் பிட், பின்னாளில் பிரிட்டனின் பிரதமர். ஆன் அரசியாக இருந்த காலத்தில் பெரும்பகுதி சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்து, ஒரு பெரிய வைரத்தை வாங்கி ஊருக்கு அனுப்பிவைத்த தாமஸ் பிட்டின் பேரன்.